அக்காவின் கறுப்பு ஏரி

அலுவலகத்துக்கு வந்ததும் அக்கா நேராகத் தன் நாற்காலிக்குப் போகமாட்டார். கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறுவார். மல்லாபூரில் எங்கள் கட்டடத்தில் கீழே தகர டப்பா செய்யும் பட்டறை, நடுவில் ஒரு மருந்துக் கிடங்கு, மேலே நாங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மௌலாலி மலை தெரியும். அக்கா அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இறங்கி வருவார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் என்னிடம் மட்டும் சொல்வார்.

"இன்னைக்கு அரை மலை."

முழு மலை, அரை மலை, மலை இல்லை. அவரிடம் இந்த மூன்று அளவுதான். மழை விட்ட மறுநாள் முழு மலை. தொழிற்சாலைப் புகையும் பனியும் கலந்து நிற்கிற காலையில் மலை இல்லை. மலை இல்லாத நாளில் அக்காவுக்கு வேலை அதிகம் என்று அர்த்தம்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குத் தெற்கே பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலங்களைச் செயற்கைக்கோள் மேலிருந்து படம் எடுக்கும். அந்தப் படத்தை வைத்து எந்த ஊரில் எவ்வளவு புல் விளைந்திருக்கிறது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் அலுவலகம். நான் பத்தாவது வரைதான் படித்தவள். திரையில் ஊர் எல்லை, குட்டை, ரோடு இவற்றின் மேல் கோடு இழுப்பது என் வேலை. பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவின் வேலை காற்றுத் திருத்தம். உயிருள்ள புல் சிவப்பு வெளிச்சத்தைக் குடித்துவிடுமாம். சிவப்பு குறைவாக மேலே வந்தால் புல் நன்றாக இருக்கிறது. அதிகமாக வந்தால் புல் காய்ந்திருக்கிறது. ஆனால் தரைக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே தூசியும் புகையும் ஈரமும் இருக்கின்றன. அவையும் தங்கள் பங்குக்கு வெளிச்சத்தைச் சேர்த்து அனுப்பிவிடும். அதைக் கண்டுபிடித்து நீக்காவிட்டால் நல்ல புல்லும் காய்ந்த புல் மாதிரித் தெரியும்.

"கண்ணாடியில தூசி இருந்தா மூஞ்சியில அழுக்குன்னு சொல்லுவியா?" என்று முதல் நாள் எனக்கு விளக்கினார். "நடுவுல இருக்கறதைக் கழிக்கணும். மீதி இருக்கறதுதான் நிஜம்."

அவருடைய அப்பா ராணுவத் தளவாடத் துறையில் வேலைக்கு வந்து மாரெட்பள்ளியில் வீடு கட்டியவர். அக்கா பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். தமிழுக்கு நடுவே, அந்த ஊர்ப் பேச்சில் 'வேண்டாம்' என்பதற்கான 'நக்கோ' வந்து விழும். "டீ நக்கோ, இப்பத்தான் குடிச்சேன்" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்டபோது, "வந்தவங்களையெல்லாம் கழிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் மிஞ்சலை" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அது வெறும் சிரிப்புப் பேச்சு இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதுப் புடவை நன்றாக இருக்கிறது என்றால், "காலையில எல்லாருக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். சாயந்திரம் சொல்லு" என்பார். எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். மரியாதையாகப் பேசுவார். "மேடம், உங்க வேலை மாதிரி வராதுங்க" என்று அவர் சொல்லிவிட்டுப் போனால் அக்கா என் பக்கம் குனிந்து, "அதுல கால்வாசி ஊர்ப் பழக்கம். கால்வாசி சனிக்கிழமை வேலைக்கு வரச் சொல்லப் போறார். மீதிதான் எனக்கு" என்பார். சனிக்கிழமை வரச் சொல்லத்தான் செய்வார்.

என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. பையன் வீடு சனத்நகரில். அங்கேயே சிறிய லேத் பட்டறை வைத்திருந்தார்கள். எங்களுக்கு அம்மா இல்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அக்காவைத் துணைக்கு அழைத்துப் போனேன். நல்ல உபசரிப்பு. திரும்பி வரும்போது ஆட்டோவில் நானும் தங்கையும் சந்தோஷமாக இருந்தோம். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் ஒரே மாதிரி நல்லவங்களா இருக்காங்க. கவனிச்சியா?"

"நல்லதுதானேக்கா."

"பையனோட அம்மா பேசினதுல பாதி யாரோ சொல்லிக் குடுத்தது. அதைக் கழி. அப்பா சிரிச்சது முக்கால்வாசி நமக்காக. அதையும் கழி. மீதி என்ன இருக்கு?"

ஆட்டோ தார்நாகா சிக்னலில் நின்றது.

"அந்தப் பையன் உன் தங்கச்சியை ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கலை. அது மட்டும்தான் மீதி."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த வரனில் மனம் ஒட்டவில்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். தங்கை என்னோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, நன்றாகத்தான் இருக்கிறான் என்று கேள்வி. கூச்சத்தில் தலை நிமிராமல் இருந்தானோ என்னவோ. அக்கா சொன்னது சரியா என்று பார்ப்பதற்கு அந்த வீட்டுக்குள் இனி யார் நம்மைக் கூப்பிடப் போகிறார்கள்?

இப்படி எதையும் நம்பாத அக்கா ஒன்றே ஒன்றை நம்பினார். அது ஓர் ஏரி.

மேய்ச்சல் நிலத்துக்கு மேற்கே இருக்கும் பெரிய ஏரி அது. ஆழமான தெளிந்த தண்ணீர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. அதனால் மேலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியவேண்டும். அந்தக் கறுப்பின் மேல் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தால் அது தண்ணீருடையது அல்ல, நடுவே இருக்கும் காற்றுடையது. அந்த அளவை மொத்தப் படத்திலிருந்தும் கழித்துவிட்டால் போதும். ஒவ்வொரு படத்தையும் அக்கா அந்த ஏரியிலிருந்துதான் தொடங்குவார். திரையில் அதைப் பெரிதாக்கி, நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டு, "கறுப்பு கிடைச்சாச்சு" என்பார்.

"மேடம், ஏரிக்குச் சூடம் காட்டியாச்சுங்களா?" என்று மேனேஜர் கேட்பார்.

"ஒண்ணையாவது நம்பினாத்தான் சார் மத்ததைச் சந்தேகப்பட முடியும்" என்று அக்கா திரும்பாமலே பதில் சொல்வார்.

மழைக்காலம் முடிந்ததும் நிலத்தை நேரில் பார்க்கப் போவோம். இரும்புச் சட்டம் ஒன்றைத் தரையில் போட்டு, அதற்குள் இருக்கும் புல்லை மட்டும் அறுத்துப் பையில் கட்டி எடுத்து வந்து, காயவைத்து எடை போடவேண்டும். அப்படிப் போன இடத்தில்தான் மல்லய்யாவைப் பார்த்தோம். தோளில் கறுப்புக் கம்பளி, நல்ல உயரம், பின்னால் பெரிய செம்மறி மந்தை. நாங்கள் புல் அறுப்பதைப் பார்த்து எங்களுக்கு ஆடு இருக்கிறதா என்று விசாரித்தார். அக்கா அவரிடம் தெலுங்கில் விளக்கினார். நான் இங்கே பிறந்தவள், எனக்கும் தெலுங்கு புரியும்.

"மேல இருந்தே பாக்கறீங்களா அம்மா? அப்ப என் ஆடு தெரியுமா?"

"ஆடு தெரியாது மல்லய்யா. புல்லு தெரியும்."

"ஆடு தெரியாம புல்லை மட்டும் பார்த்து என்ன செய்யறது?" என்று அவர் சிரித்தார். ஆனால் போகும்போது ஆகாயத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். அலுவலகத்தில் வெளியூர்த் தொடர்புக்கென்று ஒரு சின்ன போன் உண்டு, அக்காவின் மேஜையில் இருக்கும். அந்த எண்ணை வாங்கிக்கொண்டார். அக்காவும் அவர் பெயரை அதில் ஏற்றிக்கொண்டார்.

கோடை தொடங்குவதற்கு முன் எங்களிடமிருந்து அரசாங்கத்துக்கு ஒரு வரைபடம் போகும். அதில் புல் குறைவு என்று காட்டுகிற ஊர்களுக்குத்தான் தீவன வண்டி. பச்சை என்று காட்டினால் அந்த ஊருக்கு வண்டி கிடையாது.

அந்த வருஷம் பின்மழை சரியில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வரைபடம் போடவேண்டிய வாரங்களில் மௌலாலி மலை கண்ணிலேயே படவில்லை. அக்கா தினமும் மாடிக்குப் போய் வந்து, "மலை இல்லை" என்றார். ஏரியைத் திரையில் பெரிதாக்கினார். அது வழக்கத்தைவிட வெளுத்திருந்தது.

"காத்து ரொம்பக் கனமா இருக்கு. இங்கயே மலை தெரியலை பாரு" என்று சொல்லி, அந்த வெளுப்பு முழுவதையும் படத்திலிருந்து கழித்தார்.

கழித்ததும் நிலம் பச்சையாக எழுந்து வந்தது. நானே வியந்துபோனேன். மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மழை கம்மின்னு சொன்னாங்களே மேடம். போன வருஷத்தை விட நல்லா இருக்குதுங்களே?"

"அது ஊர்ப் பேச்சு சார். இது கணக்கு."

வரைபடம் போய்ச் சேர்ந்தது. வெயில் ஏறத் தொடங்கியதும் அந்தச் சின்ன போன் அடித்தது. மல்லய்யா. குரல் வெளியே கேட்டது.

"அம்மா, இங்க புல்லு இல்லை. எங்க ஊருக்கு வண்டியும் இல்லைங்கறாங்க."

அக்கா திரையைப் பார்த்தபடியே பேசினார். "படத்துல கிழக்குச் சரிவு நல்லா இருக்கு மல்லய்யா. அந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போங்க."

போனை வைத்ததும் நான் மெதுவாக, "அவரு பொய் சொல்ற மாதிரி இல்லையேக்கா" என்றேன்.

"பொய்யுன்னு யாரு சொன்னா? காத்து என்ன பொய்யா சொல்லுது? நடுவுல நிக்குது, அவ்வளவுதான். வண்டி வேணும்னா எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. அதுல எவ்வளவு கழிக்கணும்னு எனக்குத் தெரியும்."

அடுத்த வாரமும் மல்லய்யா கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது. காற்றுச் சத்தமும் ஆடுகள் கத்துவதும் சேர்ந்து கேட்டது. சரிவில் ஒன்றும் இல்லை என்றார். இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் பார்க்கச் சொன்னார் அக்கா. அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

"பார்த்தியா, புல்லு கிடைச்சிருச்சு" என்றார் என்னிடம். அப்போது நான் தலையாட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் உற்சாகமாக வந்தார். முந்தின நாள் குடும்பத்தோடு வெளியே போயிருந்தாராம். மகள் தண்ணீரோரம் நிற்கிற படத்தை எல்லோருக்கும் போனில் காட்டிக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"மேடம், உங்க குலதெய்வத்தைப் பார்த்துட்டு வந்துட்டமுங்க."

அக்கா போனைக் கையில் வாங்கினார். குழந்தையின் முகத்தைத் தள்ளிவிட்டுப் பின்னால் இருந்த தண்ணீரைப் பெரிதாக்கினார். பால் ஊற்றிய டீயின் நிறத்தில் இருந்தது.

"இது எந்த ஏரி சார்?"

"உங்க ஏரிதானுங்க. வண்டல் எடுக்கறதுக்கு எந்திரம் இறக்கியிருக்கறாங்க. தைமாசத்துல இருந்தே தோண்டறாங்களாம். ஒரே சேறு. பாப்பா கால் வெக்கவே மாட்டேனுட்டா."

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். மாடிக்குப் போனார். காலையில் ஒருமுறை போய் வந்தவர். வெகுநேரம் கழித்தும் வராததால் நான் மேலே போனேன். தொட்டி நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

"சேறு சிவப்பைத் திருப்பி அனுப்பும்" என்றார். "நான் அதையும் காத்துக் கணக்குல சேர்த்துக் கழிச்சிருக்கேன். சிவப்பைக் கழிக்கக் கழிக்கப் புல்லு பச்சையாத்தானே வரும். அங்க இருந்த பச்சை முழுக்க நான் உண்டாக்கினது."

அன்று மாலைக்குள் வேறொரு மலை இடுக்கின் நிழலைக் கறுப்பாக வைத்துக்கொண்டு மறுபடியும் கணக்கு ஓட்டினார். திரையில் பச்சை ஒவ்வொரு கட்டமாக அவிந்தது. கடைசியில் கிழக்குச் சரிவு வெறும் பழுப்பாகக் கிடந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு வெகுநேரம் தாடையைத் தடவினார்.

"வண்டி எந்தெந்த ஊருக்குன்னு முடிவாயிருச்சுங்களே மேடம். இருந்தாலும் திருத்தி அனுப்பிடலாமுங்க. அவங்க மாத்தறதுக்குக் கொஞ்ச நாள் ஆகுமுங்க."

அக்கா சின்ன போனை எடுத்து மல்லய்யாவைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. அலுவலக வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனோம். என்னையும் வரச் சொன்னார்.

நாங்கள் புல் அறுத்த இடம் அடையாளமே தெரியவில்லை. வெள்ளை வெயிலில் தரை விரிந்து கிடந்தது. முள் அடைத்த பட்டியில் ஆடுகள் இல்லை. இரண்டு வெள்ளாடுகள் மட்டும் வாசலில் கட்டிக் கிடந்தன. மல்லய்யாவின் மனைவி வெளியே வந்தாள். நாங்கள் யார் என்று அக்கா சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மேல இருந்து பாக்கற அம்மாவா?"

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு திட்டாமல், அழாமல், யாரோ ஒருவர் வீட்டில் நடந்தது போலச் சொன்னாள்.

"நான் சொன்னேன் அம்மா. சரிவு இங்க இருந்தே தெரியுது, மண்ணுதானே இருக்குன்னேன். உனக்கென்ன தெரியும், அம்மா மேல இருந்து பாக்கறாங்கன்னு சொல்லி ஓட்டிட்டுப் போனாரு. அங்க இல்லைன்னதும் அதுக்கு அந்தப் பக்கம் இருக்கும், அம்மா தப்பாச் சொல்ல மாட்டாங்கன்னு இன்னும் தள்ளிப் போனாரு. வழியில முதல்ல குட்டிங்க விழுந்துச்சு. அப்புறம் தாய் ஆடு. நிக்க முடிஞ்சதை ரோட்டோரமே வியாபாரிக்குக் குடுத்துட்டு வந்தாரு."

"அவர் எங்க?"

"பட்டணத்துல வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டாரு. எந்தக் கட்டடம்னு தெரியலை. போனைக் கூட இங்கயே வெச்சுட்டுப் போயிட்டாரு. பார்த்தாலே கோபம் வருதுன்னாரு."

அக்கா சொம்பைக் கையில் பிடித்திருந்தார். குடிக்கவில்லை. "தப்பு என்னோடது" என்றார்.

"மேல இருந்து பாக்கறவங்களுக்குத் தப்பு எப்படி வரும்?" என்றாள் அவள். "எங்க நேரம்."

திரும்பி வரும் வழியில் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "அந்தக் குரலையும் கழிச்சேன்."

திருத்திய வரைபடம் போனது. தீவன வண்டியும் அந்த ஊருக்கு வந்தது. அதற்குள் அங்கே தின்பதற்கு மந்தை இல்லை.

அதற்கு அப்புறம் அக்கா வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். படத்தைத் திறப்பார். கறுப்பு தேடுவார். ஓர் இடத்தைத் தொடுவார், விரலை எடுத்துவிடுவார். இன்னோர் இடம். "இது அங்க போய் நின்னு பார்த்தா என்னவா இருக்குமோ" என்பார். மாலையாகியும் கணக்கு தொடங்கியிருக்காது. மேனேஜர் கோபப்படவில்லை. வேறு ஓர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

முதல் மழை பெய்த மறுநாள் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கழுவி விட்டது போல வானம். பாறைக்குப் பாறை, படிக்குப் படி மலை தெரிந்தது.

"உனக்குத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுக்கா. முழு மலை."

"எனக்கும் தெரியுது" என்றார். "அதான் பயமா இருக்கு."

அந்த மாதமே வேலையை விட்டார். மாரெட்பள்ளி வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னையில் தம்பி வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அந்தச் சின்ன போனை மட்டும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இப்போது காற்றுத் திருத்தத்தை ஆள் செய்வதில்லை. படம் வரும்போதே திருத்தி வருகிறது. எந்தக் கறுப்பை வைத்துக் கழித்தார்கள் என்று கேட்பதற்கு அந்தப் பக்கம் மனிதர் யாரும் இல்லை. நான் என் கோடுகளை இழுக்கிறேன். காலையில் மாடிக்குப் போகிறேன். அந்தப் பழக்கம் எனக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் ஒரு காலை, மலை இல்லை. இறங்கி வந்தபோது சின்ன போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் மல்லய்யா என்ற பெயர். எடுத்தேன். அவருடைய மனைவி.

"மேல இருந்து பாக்கற அம்மாங்களா?"

அக்கா இப்போது இங்கே இல்லை என்று சொல்லத் தெரியாமல், "சொல்லுங்க" என்றேன்.

"மறுபடி நாலு குட்டி வாங்கி வளர்க்கறேன் அம்மா. இந்த வருஷம் எந்தப் பக்கம் பச்சை?"

என் முன்னால் படம் திறந்திருந்தது. கிழக்குச் சரிவு முழுக்கப் பச்சை. நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் போனில் பேச எனக்கு வராது. அன்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நீங்க அங்கதானே இருக்கீங்க. வாசல்ல நின்னு பார்த்தா உங்களுக்கு என்ன தெரியுது?"

அந்தப் பக்கம் ஒரு குட்டி கத்தியது.

"மண்ணுதான் தெரியுது" என்றாள். "ஆனா நாங்க பார்த்து என்ன அம்மா? நீங்க சொல்லுங்க."